செடியாக நின்ற பண்ணையார்

நாலு ஏக்கர் தக்காளித் தோட்டத்துக்கு உழவு வண்டி வாங்க, பண்ணையார் சென்னியப்பன் தன் தோட்டக்காரன் மாகாளியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

“ஊரே வாய் பிளக்கிற மாதிரி பெரிய வண்டியாப் பாருடா. ஆனா வரிசைக்கு நடுவுல களை ஓட்டும்போது ஒரு செடி ஒடியக் கூடாது. ஒடிஞ்சா நாலு ஏக்கரையும் நீதான் மண்வெட்டியால கொத்தணும்!”

இருப்பதிலேயே பெரிய டிராக்டரைத் தட்டிக் காட்டினார் கடைக்காரர். “இது எந்தச் சந்துலயும் பூந்து வருமுங்க.”

மாகாளி தலையைச் சொறிந்தான். பிறகு கடை வாசலில் இரண்டு முழம் இடைவெளி அளந்து இரண்டு கோடு கிழித்தான்.

“நம்ம தக்காளி வரிசைக்கு நடுவுல இவ்வளவுதானுங்க இடம். அந்தப் பக்கம் ஐயா ஒரு செடி, இந்தப் பக்கம் நான் ஒரு செடி. நடுவுல ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.”

பண்ணையார் மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு கோட்டில் நின்றார், மாகாளி மறு கோட்டில் நின்றான். கடைக்காரர் ஏறி உட்கார்ந்து முடுக்க, டிராக்டர் உறுமிக்கொண்டு வந்தது. பக்கத்தில் வருவதற்குள் பண்ணையார் மாகாளியையும் இழுத்துக்கொண்டு ஒரே தாவலாகத் தாவிவிட்டார்.

“கொல்லப் பாத்தியேடா!”

“நமக்குக் கால் இருக்குதுங்க, தாவிட்டோம். தக்காளிக்கு ஏதுங்க கால்?”

பண்ணையாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூலையில் நின்ற, பின்னால் நடந்தபடியே ஓட்டும் சின்னப் பவர் டில்லரைக் காட்டினார்.

“அதை மாகாளி ஓட்டிப் பாக்கட்டும். இந்தத் தடவை, கடைக்காரரே, நீங்க செடியா நில்லுங்க.”