மூட்டைக்குள் ஒரு காலிக் கோப்புறை

முன்னொரு சமயம், ஒரு பேருந்து நிலையத்து மேசை இழுப்பறையில், நகத்தளவு நினைவட்டை ஒன்றுக்குள் ஒரு பெட்டகம் குடியிருந்தது. கணினிக்காரர்கள் அதைப் படிமம் என்பார்கள். உள்ளே இருப்பவற்றை அமுக்கி நெருக்கி ஒரே தடவையில் பூட்டிவிடுவது அதன் சுபாவம். பூட்டிய பிறகு ஒன்றைச் சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. வெளியே இருப்பவர்கள் படித்துப் பிரதி எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அதற்குள் ஊர்ப்பெயர்களைச் சொல்லும் நூற்றுப் பன்னிரண்டு குரல்கள் இருந்தன. அவற்றைக் கோத்து, எந்த வண்டி எங்கே போகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வதற்காக அறிவிப்பான் என்ற நிரல் இருந்தது. நிலையத்துக் கணினியில் ஓடியதெல்லாம் அதன் பிரதிதான்; இது ஒரு நாள்கூட ஓடியதில்லை. பெருமைக்கு மட்டும் குறைச்சலே இல்லை. ஓர் ஓரத்தில் வரிசை என்ற பெயரில் ஒரு கோப்புறை இருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை.

"உனக்குள் என்னதான் வைத்திருக்கிறாய்?" என்று தென்காசிக் குரல் கேட்கும்.

"ஒன்றுமில்லை" என்று வரிசை சொல்லும்.

"பின்னே எதற்கு இங்கே இடத்தை அடைத்துக்கொண்டு?" என்று புளியங்குடிக் குரல் சேர்ந்துகொள்ளும். நூற்றுப் பன்னிரண்டும் சிரிக்கும். எதற்கு என்று வரிசைக்கே தெரியாது. தெரிந்தால்தானே சொல்வதற்கு?

ஒரு நாள் இடி விழுந்து நிலையத்துக் கணினி கருகிப்போனது. வேலை பார்த்துக்கொண்டிருந்த பிரதி அதோடு போயிற்று. மிச்சம் இந்த நினைவட்டை ஒன்றுதான். அதுவும் பழசாகி, படிக்கப் படிக்கத் திணறியது. இரண்டு நாள் கழித்து ஜெயசீலி என்ற பெண் புதுக் கணினியோடு வந்தாள். அந்தப் புதுசுக்குப் பூட்டிய பெட்டகத்தைப் படிக்கத் தெரியாது. டார் என்கிற மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்ளும்.

"ஏம்மா, இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார் டைம்கீப்பர் ஆறுமுகநயினார். "ரெண்டு நாளா ஊர் ஊரா நானே கத்துதேன். தொண்ட கட்டிட்டு."

"இந்தா முடிஞ்சிரும் அண்ணாச்சி" என்று ஜெயசீலி தன் மடிக்கணினியில் நினைவட்டையைச் செருகினாள். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினாள்.

வந்த கட்டளை அவசரக்காரன். பெட்டகத்தில் உள்ளதைப் பிரதி எடுத்துத் தரையெல்லாம் பரப்பினான். "கோப்புகள் மட்டும் வரிசையாக வாருங்கள்!" என்றான். குரல்களின் பிரதிகள் ஓடின, அறிவிப்பானின் பிரதி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போயிற்று. கோப்புறைகள் எதையும் அவன் கூப்பிடவில்லை. உள்ளே சரக்கு இருந்தவை அந்தச் சரக்கின் முகவரியில் ஒட்டிக்கொண்டு தாமாகவே போய்ச் சேர்ந்தன.

"நானும் வரலாமா?" என்றது வரிசை.

"நீ கோப்பா?"

"இல்லை."

"உனக்குள் கோப்பு இருக்கிறதா?"

"அதுவும் இல்லை."

"அப்புறம் என்ன?" என்று சொல்லி மூட்டையை இறுக்கி முடிந்தான். பரப்பியதை வழித்துத் துடைத்துவிட்டு நடையைக் கட்டினான்.

பெட்டகத்துக்குள் வரிசை அழாத குறையாக உட்கார்ந்திருந்தது. இந்த அட்டை இன்றோ நாளையோ செத்துவிடும். மற்றவர்களுக்குப் பிரதியாவது பிழைக்கும். தனக்கு அதுவும் கிடையாது. இருந்தேன் என்று சொல்லக்கூட ஆளில்லாமல் போய்விடுவோமே என்று அதற்குப் பகீரென்றது.

வெளியே, மூட்டையைப் புதுக் கணினியில் அவிழ்த்த பிறகும் ஒலிபெருக்கி மூச்சுவிடவில்லை.

"என்னம்மா, ஊமையா இருக்கு?" என்றார் ஆறுமுகநயினார்.

ஜெயசீலி புதுக் கணினியின் திரையைப் படித்தாள். "வரிசைன்னு ஒரு கோப்புறையத் தேடுது, அண்ணாச்சி. அத காணலையாம். வண்டி பேர வைக்க இடமில்லன்னு அப்படியே நின்னுட்டு." தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தான் கோப்ப மட்டும் எடுன்னு சொல்லிட்டேன். காலியா கெடந்தத விட்டுட்டான்."

இது பெட்டகத்துக்குள்ளும் கேட்டது. தென்காசிக் குரல் தொண்டையைச் செருமியது. அறிவிப்பான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டான். ஓடிப் பார்க்காத நிரலுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று எப்படித் தெரிந்திருக்கும், பாவம்.

ஜெயசீலி இன்னொரு கட்டளையைத் தட்டினாள். இந்த முறை வந்தவள் மாற்றி என்பவள். அவள் எதையும் தரையில் பரப்பவில்லை. பூட்டிய பெட்டகத்தின் வாசலிலேயே நின்று, ஒவ்வொருவர் பெயரையும், உரிமையாளரையும், தேதியையும் கேட்டுக் கேட்டு நேராக மூட்டையில் எழுதிக்கொண்டே போனாள். நடுவில் அட்டை இரண்டு தடவை திணறியது. வரிசைக்கு உயிரே போய்விட்டு வந்தது.

"அடுத்தது?"

"வரிசை" என்றது அது, கேட்டும் கேட்காத குரலில். "என்னிடம் ஒன்றும் இல்லை, அம்மா."

"உள்ளே என்ன இருக்கிறதென்று நான் கேட்டேனா? பெயர் சொன்னாயே, போதும். அளவு பூஜ்யம். எழுதியாயிற்று, ஏறிக்கொள்."

வரிசைக்கு அப்பாடா என்றிருந்தது. இத்தனை சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இடத்துக்கு மட்டும் பஞ்சமில்லை.

மூட்டை புதுக் கணினியில் அவிழ்ந்தது. அறிவிப்பான் கண் விழித்ததும் முதல் வேலையாகத் தேடினான். "வரிசை எங்கே? வரிசை இருக்கிறதா?"

"இருக்கிறேன்."

"தப்பாக நினைத்துக்கொள்ளாதே" என்று முணுமுணுத்தபடி, ஒரு வண்டியின் பெயரை மெதுவாக அதற்குள் வைத்தான். வரிசை முதன்முதலாக ஒரு பாரத்தை உணர்ந்தது. அடுத்த நொடி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியாகச் செங்கோட்டை செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது என்று நிலையம் முழுக்க ஒலிபெருக்கி முழங்கியது. மூட்டை முடிச்சோடு நாலு பேர் ஓடினார்கள். ஆறுமுகநயினார் "அப்பாடி!" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

சொல்லி முடித்ததும் அறிவிப்பான் அந்தப் பெயரை எடுத்துவிட்டான். வரிசை மறுபடி காலியானது. குரல்கள் அதன் முகத்தையே பார்த்தன.

வரிசைக்கு வருத்தமே இல்லை. அடுத்த வண்டி வந்துகொண்டிருந்தது. அதை வைக்க இடம் வேண்டுமே.