கனவில் ஓடிய கேரவன்

வீடு போன்ற பெரிய கேரவனை ஜீப்பில் மாட்டி இழுப்பதுதான் பிச்சாண்டியின் வேலை. அன்று வடபழனியில் அதில் ஏறிய நடிகர் மகுடேசன் மிரட்டினார்:

“தாம்பரம் போற வரைக்கும் தூங்கப் போறேன். ஒரு தடவை குலுங்கினாலும் உனக்கு வேலை கிடையாது.”

ஏசி மெல்ல முனகியது. நகரத்து ஹாரன்கள் தூரத்து அலைகளாய்த் தேய்ந்தன. நடிகர் தூக்கத்தில் மிதந்தார்.

ஒரு மணி நேரத்தில் கதவு படாரெனத் திறந்தது. “யோவ்! கிண்டியில மூணு பிரேக்! கத்திப்பாரா வளைவுல தூக்கிப் போட்டே! தூங்கினா தெரியாதுன்னு நினைச்சியா? இறங்குய்யா!”

பிச்சாண்டி பணிவாக எதிரே கைகாட்டினான். ஏறும்முன் நடிகர் டீ குடித்த அதே கடை.

“டிராஃபிக்ல வண்டி இன்னும் ஒரு அடிகூட நகரலை சார். கனவுல ஓட்டினான் பாருங்க, அவனை வேலையை விட்டுத் தூக்குங்க.”