காட்டெருமையின் பின்கால்கள் செய்த குற்றம்

ஒரு காட்டில் கோடை வந்தால் ஒரே ஒரு குளம்தான் மிஞ்சும். மற்ற ஓடைகள் எல்லாம் வறண்டுவிடும். அதனால் அங்கே ஒரு சட்டம் இருந்தது. யாராக இருந்தாலும் கரையில் நின்றுதான் தண்ணீர் குடிக்க வேண்டும். குளத்துக்குள் இறங்கக் கூடாது.

அந்தக் காட்டின் தலைவர் கரும்பாறை என்ற காட்டெருமை. சட்டத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டியவர் அவர்தான். அதை மீறியவரும் அவரேதான். தினமும் உச்சிவெயில் நேரத்தில் குளத்துக்குள் இறங்குவார். கழுத்துவரை அமிழ்ந்து, கண்களை மூடிக்கொண்டு மாலைவரை கிடப்பார். தண்ணீர் கருத்துப்போயிற்று. அதைக் குடித்த குட்டிகளுக்கு வயிற்றுவலி வந்தது.

காட்டுச் சபை கூடி அவர்மேல் குற்றம் சாட்டியது. மூன்று நாளில் தீர்ப்பு. தீர்ப்பு முடிந்த பத்தாம் நாள் தேர்தல்.

தீர்ப்புச் சொல்லும் பெரியவர்கள் ஏழு பேர். மூன்று பேர் கரடியம்மாவின் நகக் கட்சி. மற்ற நான்கு பேரும் தலைவரின் கொம்புக் கட்சி. இந்த நால்வரும் தங்கள் கட்சிச் செயலாளர் கவைக்கொம்பன் சொன்னால்தான் தலையை ஆட்டுவார்கள். சொல்லாவிட்டால் ஈ ஓட்டுவதற்குக்கூட ஆட்டமாட்டார்கள்.

கவைக்கொம்பன் ஒரு கடமான். எதைச் செய்வதானாலும், "இதனால் நமக்கு எத்தனை வாக்கு?" என்று பார்த்துவிட்டுத்தான் செய்வான். இப்போதும் அப்படியே கிளம்பினான்.

முதலில் புள்ளிமான்களிடம் போனான். அவை எப்போதும் கொம்புக் கட்சிக்கே வாக்களிப்பவை. அந்தக் கூட்டத்தின் மூத்தவள் செம்புள்ளி, சோர்ந்து கிடந்த தன் குட்டியை நக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தலைவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டான்.

"கோபம்தான் வரும், அண்ணா. அவர் நம் ஆள் இல்லையா? வாக்களிக்கவே வரமாட்டோம்," என்றாள் செம்புள்ளி.

கவைக்கொம்பன் திடுக்கிட்டான். புள்ளிமான்கள் நாற்பது. 'சரி, விடுதலை செய்துவிடலாம்' என்று எண்ணிக்கொண்டு அடுத்த புதருக்குப் போனான்.

அங்கே முள்ளப்பன் என்ற முள்ளம்பன்றி கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தான். முள்ளம்பன்றிகளும் முயல்களும் எந்தக் கட்சியும் இல்லாதவை. ஒரு தேர்தலில் இந்தப் பக்கம், மறு தேர்தலில் அந்தப் பக்கம்.

"தலைவரை விடுதலை செய்துவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"கரடியம்மாவுக்குப் போடுவோம். முயல்களும் அப்படித்தான்," என்றான் முள்ளப்பன். பிறகு கிழங்கைக் கீழே வைத்துவிட்டு, "அது இருக்கட்டும் ஐயா, அவர் குளத்தில் இறங்கினாரா, இல்லையா?" என்று கேட்டான்.

"அது சட்டப் பிரச்சினை. நான் தேர்தல் விஷயமாக வந்திருக்கிறேன்," என்றான் கவைக்கொம்பன்.

முள்ளம்பன்றிகளும் முயல்களும் சேர்ந்தால் அவையும் நாற்பது. தண்டித்தால் நாற்பது போகும். விட்டாலும் நாற்பது போகும். கவைக்கொம்பனுக்குத் தலை சுற்றியது. நேராகக் குளத்துக்கு ஓடினான். தலைவர் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தார்.

"தலைவரே, தீர்ப்பு வரும்வரையாவது வெளியே வந்துவிடுங்கள்."

"வெளியே வந்தால், உள்ளே இருந்தேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடுமே," என்றார் கரும்பாறை.

ஆனாலும் பசி எடுத்ததால் அவர் மெல்ல எழுந்தார். முன்கால்களைக் கரையில் ஊன்றிப் புல்லை மேய்ந்தார். பின்பாதி தண்ணீரிலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் கவைக்கொம்பன் முகம் மலர்ந்தது.

மூன்றாம் நாள் சபை கூடியது. கொம்புக் கட்சிப் பெரியவர்களில் மூத்தவரான காட்டாடு எழுந்து, கவைக்கொம்பன் சொல்லிக்கொடுத்த தீர்ப்பை ஒப்பித்தார்.

"தலைவரின் முன்கால்கள் கரையில் நின்றதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முன்கால்கள் குற்றமற்றவை. பின்கால்கள் குளத்துக்குள் இருந்தன. ஆகவே பின்கால்கள் குற்றவாளிகள். இனிமேல் பின்கால்கள் குளத்தில் இறங்கக் கூடாது. முன்கால்கள் பதவியில் நீடிக்கலாம்."

நான்கு தலைகள் ஆடின. மூன்று தலைகள் ஆடவில்லை. தீர்ப்பு நிறைவேறியது.

கவைக்கொம்பன் புள்ளிமான்களிடம் ஓடி, "தலை இருக்கிற பக்கத்தை விடுதலை செய்துவிட்டோம்," என்று காதோடு சொன்னான். பிறகு முள்ளப்பனிடம் ஓடி, "எடை அதிகமான பக்கத்தைத் தண்டித்துவிட்டோம்," என்றான். அன்று அவன் வயிறு நிறையப் புல் தின்றான்.

மறுநாள் உச்சிவெயிலில் கரும்பாறை வழக்கம்போல் குளத்தில் இறங்கினார். முன்கால்கள் முதலில் போயின. பின்கால்களும் பின்னாலேயே போயின. காவலுக்கு நின்ற குரங்கு பதறிப்போய், "தலைவரே, பின்கால்களுக்குத் தடை இருக்கிறது," என்றது.

"தெரியும். ஆனால் அவை குற்றவாளிகள் ஆயிற்றே! கரையில் தனியாக விட்டுவிட்டு வந்தால் தப்பி ஓடிவிடாதா?" என்றார் அவர்.

 குரங்கு சலாம் வைத்துவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டது.

பத்து நாளில் குளம் கஞ்சி போல ஆகிவிட்டது.

தேர்தல் நாள் வந்தது. கொம்புக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள் மருத மரத்தடியிலும், நகக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள் நாவல் மரத்தடியிலும் ஆளுக்கொரு கூழாங்கல்லைப் போட வேண்டும். முயல்கள் வந்தன, நாவல் மரத்தடிக்குப் போயின. முள்ளப்பன் தன் கூட்டத்தோடு வந்தான். அவர்களும் அங்கேயே போனார்கள். கடைசியாகப் புள்ளிமான்கள் வந்தன. கவைக்கொம்பன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். நாற்பதும் வரிசையாக நாவல் மரத்தடிக்கே போயின.

மருத மரத்தடியில் ஐந்தே கற்கள் கிடந்தன. நான்கு பெரியவர்கள் போட்டவை நான்கு. அவன் போட்டது ஒன்று.

"தலைவரே, நீங்களுமா நமக்குப் போடவில்லை?" என்று கரும்பாறையிடம் கேட்டான்.

"என்னில் பாதியைக் குற்றவாளி ஆக்கிய கட்சிக்கு முழு வாக்குப் போட மனம் வரவில்லை," என்று சொல்லிவிட்டு அவர் கொட்டாவி விட்டார்.

கரடியம்மா தலைவியானாள். வந்ததும் முதல் வேலையாகக் கரும்பாறையைக் குளத்துப் பக்கமே வரக் கூடாது என்று அனுப்பிவைத்தாள். அவருக்காக ஒருவரும் பேசவில்லை. விலங்குகள் எல்லாம் சேர்ந்து, குளத்தின் ஊற்றுக்கண்ணை அடைத்திருந்த சேற்றைத் தோண்டி அள்ளத் தொடங்கின.

கவைக்கொம்பன் செம்புள்ளியிடம் போனான். "உங்களுக்குக் கோபம் வரக் கூடாது என்றுதானே தலைவரை முழுதாகத் தண்டிக்காமல் விட்டோம்? நீங்களே இப்படிச் செய்யலாமா?"

செம்புள்ளி நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகமெல்லாம் சேறு.

"கோபம் வருமா என்று கேட்டீர்கள். வரும் என்று சொன்னேன். வந்திருந்தாலும் இரண்டு நாளில் போயிருக்கும். என் குட்டி பத்து நாளாகச் சேற்றைக் குடிக்கிறது, அண்ணா."

 கவைக்கொம்பனுக்கும் நா வறண்டிருந்தது. தண்ணீர் தெளிவதற்காக எல்லோரும் வரிசையில் காத்திருந்தார்கள். அவனும் போய் வரிசையின் கடைசியில் நின்றான்.

நீதி: நியாயம் சொல்ல வேண்டிய நேரத்தில் வாக்கை எண்ணிக்கொண்டிருப்பவர், நியாயத்தையும் இழப்பார், வாக்கையும் இழப்பார்.