புலவர் மிதித்த பிரேக்

காலை பஸ் வந்து நின்றபோது மருதவாணன் கையில் பையோடு சாலையோரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"ஏறுறீங்களாங்க?" என்று கேட்டார் கண்டக்டர்.

"யோசித்துக்கொண்டிருக்கிறேன்," என்றார் மருதவாணன்.

கண்டக்டர் விசிலை ஊதிவிட்டார். யோசிக்கிறவர்களுக்கு டிக்கெட் கிழிக்கிற வழக்கம் கொல்லிமலையில் இல்லை. அந்த மலையூருக்கு நாளுக்கு ஒரே பஸ். அது வளைவில் திரும்பி மறைகிறவரை மருதவாணன் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பணி முடிந்த மறுமாதமே வீட்டை விட்டுக் கிளம்பிச் சாமியம்மாவின் சீடரானவர். சாமியம்மா அவரைவிட வயதில் நன்றாகவே இளையவர். அவருக்கு ஆசிரமம் கிடையாது, ஒரு பழைய கேரவன்தான் உண்டு. ஒரு காலத்தில் சினிமாக்காரர்கள் மேக்கப் போட்டுக்கொண்ட வண்டி. சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி இன்னும் உள்ளே இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்துதான் சாமியம்மா வெங்காயம் நறுக்குவார்.

ஊர் ஊராக வண்டி போகும். ஜனங்கள் வந்து கேள்வி கேட்பார்கள். சாமியம்மா இரண்டு வார்த்தை சொல்வார். அந்த இரண்டு வார்த்தைக்கு மருதவாணன் அரைமணி நேரம் பொருள் சொல்வார். சாமியம்மா தும்மினால்கூட அதற்கு இவர் மூன்று பொருள் வைத்திருப்பார்.

அன்று விடிந்ததும் அவருடைய மகள் அல்லி போன் செய்திருந்தாள்.

"அப்பா, அம்மாவைச் சேலத்துல ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். மார்ல கட்டி. நாளைக்குக் காலையில ஆபரேஷன்."

"அம்மா என்னை வரச் சொன்னாளா?"

"இல்லப்பா. நானாத்தான் கூப்பிட்டேன்."

"சாமியம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்," என்றார் அவர். அவள் போனை வைத்துவிட்டாள்.

பையை எடுத்தார். வெளியே வந்தார். அதற்குமேல் கால் நகரவில்லை. மனைவி தனபாக்கியம் செத்துப்போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. போய் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாளோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பஸ் வந்தது, போனது. மனிதர் மதில்மேல் பூனையாகவே இருந்தார்.

திரும்பிவந்து சாமியம்மாவைத் தேடினார். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. முந்தின நாள் மலையேறி வந்து சேர்ந்ததும் பிரேக் போய்விட்டிருந்தது.

பாதங்களுக்கு ஒரு கும்பிடு போட்டார். நடந்ததைச் சொன்னார். பயத்தை மட்டும் சொல்லவில்லை. அதைத் தத்துவமாக மாற்றித்தான் கேட்டார்.

"நான் சேலத்துக்குப் போனால் அது பற்றா, கடமையா, சாமியம்மா?"

கீழே ஏதோ இரும்பு உருண்டது.

"புலவரே, வண்டியில ஏறி பிரேக்கை மிதிங்க."

மருதவாணனுக்கு மெய்சிலிர்த்தது. குரு செயலால் விடை சொல்லப்போகிறார். என்ன விடை என்பதுதான் புரியவில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து மிதித்தார். பெடல் கொழகொழவென்று உள்ளே போனது.

"பிடிக்கவில்லையே!"

"ரப்பர் கிழிஞ்சு ஆயில் ஒழுகியிருக்கு. புதுசு மாத்திட்டேன். மாத்தினப்ப உள்ள காத்து பூந்துருச்சு. அதை வெளிய எடுத்தாத்தான் பிரேக் பிடிக்கும். நாலஞ்சு தடவை மிதிச்சுட்டு, அப்படியே அமுக்கிப் பிடிங்க. நான் கீழ திருகைத் திறந்து காத்தை விடுவேன். திரும்ப மூடிட்டு 'விடுங்க'ன்னு சொல்லுவேன். அதுவரைக்கும் காலை எடுக்கக் கூடாது. எடுத்தா போன காத்து திரும்ப உள்ள வந்துரும்."

"காற்று என்று தாங்கள் சொல்வது ஐயத்தையா, ஆணவத்தையா?"

"காத்தைத்தான்."

"அப்படியானால் ஆயில்?"

"ஆயில்னா ஆயில். கண்ணுல பட்டா எரியும். மிதிங்க."

மிதித்தார். மிதித்தார். அமுக்கிப் பிடித்தார். கீழே திருகு திறந்தது. காலுக்கடியில் பெடல் மெல்ல அமிழ்ந்தது.

"போகிறது! கால் உள்ளே போகிறது, சாமியம்மா!"

"போகத்தான் செய்யும். எடுக்காதீங்க!"

அவர் அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்.

கீழே ஒரு பெருமூச்சு கேட்டது. சாமியம்மாவுக்குக் கோபம் வராது என்று ஊர் ஊராகச் சொல்லிவந்தவர் மருதவாணன். அந்தப் பெருமூச்சுக்கு என்ன பொருள் வைப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார்.

"மறுபடியும்," என்றது குரல்.

இந்த முறை பெடல் அமிழ்ந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். தொடை நடுங்கியது. சேலம் நினைவுக்கு வந்தது, தனபாக்கியம் நினைவுக்கு வந்தாள். பெண் பார்க்கப் போன அன்று காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. அவள் வரச் சொல்லவில்லை. சொல்லாததற்கு வராதே என்று பொருளா, இல்லை கேட்க மனம் வரவில்லை என்று பொருளா? இரண்டுக்கும் இடமிருந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது அவருக்கு.

"விடு!" என்றார் சாமியம்மா. "விடுன்னு சொல்றேன்ல, விடு!"

மருதவாணன் சிலையானார். பிறகு கண்களில் நீர் வரக் காலை எடுத்துவிட்டார்.

திருகிலிருந்து ஆயில் பாட்டிலுக்குள் விட்டிருந்த குழாய் களுக்கென்றது.

"இன்னும் மூடவே இல்லையே! ஏன் விட்டீங்க?"

"தாங்கள்தானே விடு என்றீர்கள்?"

"உங்ககிட்ட விடுங்கன்னுதானே சொல்லுவேன்? என்னைக்காவது விடுன்னு சொல்லியிருக்கேனா?"

"அதைத்தான் நானும் கவனித்தேன். எனக்குப் பன்மை. ஒருமையில் சொன்னதால் என் மனத்தை விளித்தீர்கள் என்று கொண்டேன். மனமே, பற்றை விடு என்று."

வண்டிக்கு அடியிலிருந்து சாமியம்மாவின் முகம் வெளியே வந்தது. மூக்கில் கருப்பாக எண்ணெய். பக்கத்தில் ஊர்நாய் ஒன்று, கை துடைக்கிற துணியைக் கவ்விக்கொண்டு வாலாட்டியது.

"நாயைச் சொன்னேன்," என்றார்.

மருதவாணன் நாயைப் பார்த்தார். நாயும் அவரைப் பார்த்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. மிதி என்றபோது மிதித்தார், பிடி என்றபோது பிடித்தார், விடுங்க என்றபோது மட்டும் விட்டார். ஒரு சக்கரம் முடிந்து அடுத்த சக்கரம் என்று வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசிச் சக்கரம் முடிந்து மிதித்தபோது பெடல் பாதி வழியில் கல்லுப்போல நின்றது.

"பிடிக்கிறது," என்றார் மெதுவாக.

சாமியம்மா கையைக் கழுவினார். சக்கரத்தின் போல்ட்டுகளை இன்னொரு முறை முறுக்கிப் பார்த்தார். உள்ளே போய் அடுப்பை மூடினார், பாத்திரங்களைப் பெட்டிக்குள் வைத்தார், அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தாழ் போட்டார். மருதவாணன் பின்னாலேயே போய் ஒவ்வொரு தாழையும் உற்றுப் பார்த்தார். அலமாரியை மூடுவது புலனடக்கமாக இருக்கலாம். அடுப்பை மூடுவது எது என்று பிடிபடவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

"இங்க ரெண்டு நாள் தங்குறதா சொல்லியிருந்தீங்களே?" என்று ஊர்க்காரர் ஒருவர் வந்து கேட்டார். "சாயங்காலம் ஜனம் வருமுங்க."

"அடுத்த வாரம் வர்றேன்னு சொல்லுங்க," என்றார் சாமியம்மா.

அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். மருதவாணன் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. முதல் வளைவில் சாமியம்மா பிரேக்கை மிதித்தார். வண்டி சொன்னபடி கேட்டது. கீழே சமவெளி வெயிலில் கிடந்தது.

இரண்டாவது வளைவு தாண்டியதும் மருதவாணனால் பொறுக்க முடியவில்லை.

"காலையில் ஒரு கேள்வி கேட்டேன். தாங்கள் பிரேக்கை மிதிக்கச் சொன்னீர்கள். நானும் மிதித்தேன். எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, சாமியம்மா. இதன் உட்பொருள் என்ன?"

சாமியம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எதிரே வந்த ஜீப்புக்கு ஒதுங்கி வழிவிட்டார்.

"சேலத்துல எந்த ஆஸ்பத்திரி, புலவரே?"

"கேக்கலியே," என்றார் மருதவாணன். "அதைக் கேக்கவே இல்லியே, சாமியம்மா."

"இப்பப் போன் போட்டுக் கேளுங்க," என்றார் சாமியம்மா.