முள்தான் குத்தியது

குளத்தின் மேற்குக் கரையில் ஒரு பெரிய இலந்தைப் புதர் இருந்தது. அதன் அடியில் கௌதாரிகளும் முயல்களும் வெள்ளெலிகளும் அரணைகளும் குடியிருந்தன. இலந்தைக்குக் கணுவுக்கு இரண்டு முள். ஒன்று நேராக நிற்கும், மற்றது கொக்கி போல வளைந்திருக்கும். அந்த முள்ளுக்குப் பயந்து வல்லூறு உள்ளே பாயாது. நரி மூக்கை நீட்டாது. வெள்ளாடுகூட ஓரத்து இலையைக் கடித்துவிட்டுப் போய்விடும். சற்றுத் தள்ளி, மனிதர்கள் தங்கள் தோட்டத்துக்குக் கட்டிய முள்கம்பி வேலி ஓடியது.

புதரின் உச்சிக் கிளையில் கீச்சான் உட்கார்ந்திருப்பான். கைக்குள் அடங்குகிற சின்னப் பறவை. கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. கௌதாரியைப் போலக் கூவுவான், மைனாவைப் போலப் பேசுவான். "நம்ம பாட்டுக்காரர்" என்று எல்லோருக்கும் அவன்மேல் பிரியம்.

ஒருநாள் காலையில் அந்தப் புதரின் நடுக்கிளையில், ஒரு கொக்கி முள்ளில் சொருகப்பட்டு, ஓர் அரணையின் தங்கை செத்துத் தொங்கினாள்.

அக்கா அரணை எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். கீச்சான் பாய்ந்து வந்தான். தங்கையின் கழுத்தில் கொத்தினான். தூக்கிக்கொண்டுபோய் முள்ளில் வைத்து இழுத்துச் சொருகினான். பிறகு அலகைத் துடைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தான்.

அவள் மூத்த கௌதாரியிடம் ஓடிப்போய்க் கீச்சானின் பெயரைச் சொன்னாள். புதரில் வழக்கு என்றால் கூட்டம் போட்டுத் தீர்ப்புச் சொல்பவர் அவர்தான். கொன்றவன் பெயரை எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும், அவனைப் புதரை விட்டுத் துரத்த வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். ஏனென்றால் தங்கை இட்ட முட்டைகள் இலந்தை நிழலில் மண்ணுக்குள் இருந்தன. அவை பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்போது அவன் அங்கே இருக்கக் கூடாது.

மறுநாள் கூட்டம் கூடியது. முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவன் கீச்சான். இரண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டான். பிறகு நிதானமாகக் கேட்டான்.

"கால்ல முள் ஏறினா நாம என்ன சொல்றோம்? முள் குத்திடுச்சுன்னு சொல்றோம். நான் போய் முள்ளை மிதிச்சேன்னு இதுவரைக்கும் யாராவது சொன்னதுண்டா? இன்னைக்கு மட்டும் எதுக்குப் புதுசா ஒரு ஆளைத் தேடுறீங்க?"

சரியாகத்தானே சொல்கிறான் என்று வெள்ளெலிகள் முணுமுணுத்தன.

அரணை விடவில்லை. "முள்ளு இருந்த இடத்தை விட்டு என்னைக்காவது ஒரு அடி நகர்ந்திருக்கா? என் தங்கச்சி தரையில ஊர்றவ. அந்தக் கிளைக்கு அவளா ஏறிப் போகவே முடியாது. அப்ப அவளைத் தூக்கிட்டுப் போனது யாரு?"

"அதைத்தான் நாங்களும் கேக்குறோம்" என்றது முயல். "தரையில ஊர்றவளுக்கு அவ்வளவு உயரத்துல என்ன வேலை?"

கூட்டம் பலமாகத் தலையாட்டியது. செத்தவளைத்தான் கேள்வி கேட்கிறோம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"நான் பார்த்தேன்" என்றாள் அரணை. "என் கண்ணால பார்த்தேன்."

கீச்சான் இரக்கத்தோடு சிரித்தான். "அக்கா, உங்களைக் குறை சொல்லல. ஆனா ஊருக்கே தெரிஞ்ச சங்கதி. கடிக்க வந்த அரணை, எதுக்கு வந்தோம்னு மறந்துட்டுத் திரும்பிப் போயிடும். நேத்துப் பார்த்தது உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அரணைக்கு மறதி என்று யார், எப்போது சோதித்துப் பார்த்தார்கள்? ஒருவரும் இல்லை. ஆனால் அது மட்டும் எல்லோருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது.

ஒரு கிழட்டு வெள்ளெலி அரணையைப் பார்த்து முகத்தைச் சுளித்தது. "உன் பேச்சே முள்ளு மாதிரி குத்துது."

"குத்தட்டும். இப்பவாவது குத்துறது யாருன்னு உங்களுக்குத் தெரியுதே."

அதற்கப்புறம் அவளைப் பேச விடவில்லை. இலந்தைக்கு வாய் கிடையாது, அதனால் அதனிடம் எதுவும் கேட்கவும் இல்லை. கௌதாரி தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். குத்தியது முள்தான். ஆகவே புதரில் ஒரு முள்கூட இருக்கக் கூடாது.

வெள்ளெலிகள் அன்றே வேலையில் இறங்கின. நேர் முள், கொக்கி முள் எல்லாவற்றையும் கொறித்துத் தள்ளின. களைப்புத் தெரியாமல் இருக்கக் கீச்சான் மேலே உட்கார்ந்து பாடினான். நல்ல மனசு என்றார்கள்.

மறுநாள் வெள்ளாடு வந்தது. ஓரத்து இலையைக் கடித்தது. வாயில் ஒன்றும் குத்தவில்லை. நம்ப முடியாமல் உள்ளே தலையை விட்டது. பிறகு மந்தையையே கூட்டிக்கொண்டு வந்தது. மூன்றே நாளில் புதர் வெறும் குச்சியாக நின்றது.

நான்காம் நாள் வல்லூறு முயலைத் தூக்கிக்கொண்டு போனது. கிழட்டு வெள்ளெலியின் வளையை நரி தோண்டியது. நிழல் போனதால் தரை சட்டி போலக் கொதித்தது. அரணை மண்ணைக் கிளறிப் பார்த்தாள். தங்கையின் முட்டைகள் அத்தனையும் சுருங்கிக் காய்ந்து கிடந்தன. அவள் திரும்ப மண்ணைத் தள்ளி மூடினாள்.

கீச்சானுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இலந்தையை விட்டுவிட்டு முள்கம்பி வேலிக்குப் போய்விட்டான்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கம்பி முள்ளில் ஒரு கௌதாரிக் குஞ்சு தொங்கியது. மூத்த கௌதாரியின் கடைக்குட்டி.

கௌதாரி தள்ளாடிக்கொண்டு அரணையைத் தேடி வந்தார்.

"நீ பார்த்தியாம்மா?"

"பார்த்தேன்."

"யாரு?"

"அன்னைக்குச் சொன்ன அதே பேருதான். எனக்கு மறக்கல ஐயா. உங்களுக்கு?"

கௌதாரி திரும்பி நடந்தார். இப்போது அந்தப் பெயரைச் சொன்னால், முள்ளை எடுக்கச் சொன்னது யார் என்று கேட்பார்கள். முயலின் சாவும் கிழட்டு வெள்ளெலியின் சாவும் தன் தலையில் வந்து விழும்.

அன்று சாயங்காலம் மிச்சமிருந்தவர்கள் வேலியோரம் கூடினார்கள். மூத்த கௌதாரி, குஞ்சை நிமிர்ந்து பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கம்பி குத்திடுச்சு."

இளம் வெள்ளெலிகள் இரண்டு உடனே ஓடிப்போய்க் கம்பியைக் கொறித்தன. பல்தான் உடைந்தது. மேல் கம்பியில் உட்கார்ந்திருந்த கீச்சான், செத்த குஞ்சின் குரலிலேயே மெல்லக் கூவினான். அஞ்சலி செலுத்துகிறான் என்று எண்ணி எல்லோரும் தலை குனிந்தார்கள். கௌதாரியும் குனிந்தார். அரணை மட்டும் நிமிர்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொன்றவனின் பெயரைச் சொல்லாமல் முள்மேல் பழியைப் போடுகிறவர்கள், தங்கள் பிள்ளை செத்துத் தொங்கும் நாளிலும் அந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் நிற்பார்கள்.