கிகுயோவின் அச்சுப் பலகை

ஜப்பானில் யெடோ நகரத்துக் கபுகி நாடகத்தில் ஷிகெமாரு ராஜபார்ட், கிகுயோ ஸ்திரீபார்ட். ராஜபார்ட் என்றால் தலைக்கனம் இல்லாமலா? பத்து வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போன மாதம் கிகுயோ செத்துப்போனான். அப்போதும் ஜனங்கள் அவனுடைய வேஷத்தை அச்சடித்த படத்தைத்தான் கேட்டு வாங்கினார்கள். ஷிகெமாருவுக்குப் பொறுக்கவில்லை. நேரே அச்சுக்கூடத்துக்குப் போய், அச்சடிப்பதற்காக மரப்பலகையில் படம் செதுக்கும் தோகுபெய்யைப் பிடித்தான்.

“கிகுயோவின் பலகையை என் கண்முன்னால் அடுப்பில் போடு. இல்லாவிட்டால் இந்த ஊரில் நீ உளி பிடிக்க முடியாது!”

“ஆகட்டும் ஐயா,” என்று தோகுபெய் பலகையை அடுப்பருகே கொண்டுபோனான். “நல்ல செர்ரி மரம் கிடைப்பது கஷ்டம். அதனால் இரண்டு பக்கமும் செதுக்குவோம். மறுபக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன்.”

திருப்பினான். காதலன் வேஷத்தில் ஷிகெமாரு!

ஷிகெமாரு பாய்ந்து பலகையைப் பிடுங்கிக்கொண்டான். “என் படம் விற்கிறதா?” என்று கேட்டான். குரலில் பழைய அதிகாரம் இல்லை.

“வருஷப் பிறப்புக்கு ஒன்று போகும் ஐயா. இனி அதுவும் போகாது.”

“ஏன்?”

“வருஷா வருஷம் வந்து வாங்கினவர் பலகையின் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்.”