வேப்பம்பூத் தேனுக்கு ஒரு சன்மானம்

கடம்பவெளியை ஆண்ட கோதண்டவேளுக்கு மலைத்தேன் இல்லாமல் பொழுது விடியாது. தினைமாவில் தேனை ஊற்றிப் பிசைந்து, விரலைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அரியணை, வழக்கு, தூதர் எல்லாம். அந்தத் தேனை மஞ்சமலையின் தலைவன் கோடன் ஆண்டுதோறும் கொண்டுவந்து கொடுப்பான். அதற்குப் பதிலாக, மலையில் தேனெடுக்கும் உரிமை அவனுடைய குடிகளுக்கே.

அந்த ஆண்டும் கோடன் பானைகளோடு வந்தான். அரசர் ஆசையாக ஒரு வாய் எடுத்து வைத்தார். முகம் கோணிப்போயிற்று. அடிநாக்கில் அப்படியொரு கசப்பு. எத்தனை முறை வாய் கொப்பளித்தும் போகவில்லை.

பக்கத்தில் நின்றவர் வல்லபர். அரண்மனைச் சரக்கறைக்கு அவர்தான் அதிகாரி. மலைக்காரர்களுக்குத் திமிர் ஏறிவிட்டது, தேனில் வேப்பெண்ணெயைக் கலந்திருக்கிறார்கள் என்று அரசர் காதில் போட்டார். அவர்களை இறக்கிவிட்டு மலையைத் தம் மைத்துனர் கையில் கொடுத்தால் நல்ல தேன் தானாக வரும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

வாய் கசந்திருந்த அரசருக்கு அது நியாயமாகவே பட்டது. கோடனைச் சிறையில் தள்ளினார்கள். பௌர்ணமியன்று சபையில் தீர்ப்பு என்று அறிவிப்பு வந்தது.

சபையில் விகடம் பேசி அரசரைச் சிரிக்கவைப்பவர் மருதப்பர். ஆள் நல்ல கனம், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அவருக்குக் கோடனைப் பல வருடமாகத் தெரியும். பயந்து பொய் சொல்கிற ஆள் இல்லை. சிறைக்குப் போய்க் கேட்டார்.

“நான் ஒண்ணும் கலக்கலை சாமி,” என்றான் கோடன். “ஈ எதைக் குடிக்குதோ அதைத்தான் கொடுக்கும். போன வருசம் வேங்கைப் பூவுல குடிச்சுது. இந்த வருசம் வேங்கை எங்க இருக்கு? நீங்களே போய்ப் பாருங்க.”

மருதப்பர் ஒரு மட்டக்குதிரையில் கிளம்பினார். பாதி வழியில் குதிரை அடம்பிடிக்க, மீதியை வியர்த்து விறுவிறுத்து நடந்தே ஏறினார். ஏறிப் பார்த்தால், மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்க வேண்டிய சரிவில் வெறும் அடிக்கட்டைகள். விலைபோகிற மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. விட்டுவைத்தது வேம்பை மட்டும்தான். அவை வெள்ளைவெளேரென்று பூத்து நிற்க, மலையிலுள்ள தேனீக்கள் அத்தனையும் அங்கேதான் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தன.

வெட்டியவர்கள் வல்லபரின் மைத்துனர் ஆட்கள் என்று மலைக்குடிகள் சொன்னார்கள். அரசர் உத்தரவு என்று சொல்லித்தான் கோடாரியை எடுத்தார்களாம். முறையிடப் போனால், மனுவை வாங்குகிறவரே வல்லபர்.

மருதப்பர் ஒரு கட்டைமேல் உட்கார்ந்து யோசித்தார். இதை அப்படியே சபையில் சொன்னால், மலைக்காரர்களே வெட்டி விற்றுவிட்டார்கள் என்று வல்லபர் திருப்பிவிடுவார். பழி மறுபடியும் கோடன் தலையில்தான் விழும். ஆகவே உண்மை வல்லபர் வாயிலிருந்தே வரவேண்டும்.

பௌர்ணமியும் வந்தது. கோடனை விலங்கோடு நிறுத்தினார்கள். மருதப்பர் எழுந்து, தீர்ப்புக்கு முன் தாமும் அந்தத் தேனை ருசிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஒரு கரண்டி வாயில் விட்டார். அதே கசப்புதான். ஆனால் கண்ணை மூடி, பாயசம் குடித்தவர்போல நாக்கைச் சப்புக்கொட்டினார். இன்னொரு கரண்டியும் கேட்டு வாங்கினார்.

“அரசே, பெரிய தவறு நடக்க இருந்தது,” என்றார். “இது சாதாரணத் தேன் இல்லை. சுத்தமான வேப்பம்பூத் தேன். இதைத் தினமும் சாப்பிட்டால் உடம்பில் ஒரு நோயும் அண்டாது.”

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் இத்தனை ஆண்டு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டார்.

“மலையில் வேங்கை இருக்கிறவரை தேனீ வேம்பை எங்கே திரும்பிப் பார்க்கும்? யாரோ ஒரு புண்ணியவான் உங்கள் உடல்நலத்தை நினைத்து வேங்கையையெல்லாம் வெட்டிச் சாய்த்திருக்கிறார். இந்தக் கோடனுக்கு அவ்வளவு அறிவு ஏது? அந்த மகானைக் கண்டுபிடித்துச் சன்மானம் செய்ய வேண்டும்.”

வல்லபருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டும் பல்லக்கும் கண்முன் வந்து போயின. மெல்லத் தொண்டையைச் செருமினார்.

“தற்பெருமை வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன் அரசே. வெட்டச் சொன்னது அடியேன்தான். என் மைத்துனன் ஆட்கள் ஒரு வேங்கையைக்கூட விடவில்லை.”

கோடன் தலையைத் தூக்கி மருதப்பரைப் பார்த்தான். மருதப்பர் அரசரைப் பார்த்தார்.

“அரசே, தேனீ குடித்ததைக் கொடுத்தது. கோடன் அது கொடுத்ததைக் கொண்டுவந்தான். வேப்பெண்ணெய் கலந்ததாகச் சொன்னவருக்குத் தேன் ஏன் கசக்கிறது என்று முன்பே தெரிந்திருக்கிறது. உங்கள் காட்டை உங்களைக் கேட்காமல் வெட்டியவரும் அவரே. இனித் தீர்ப்பு உங்களுடையது.”

வல்லபர் முகத்தில் ஈயாடவில்லை. அரசர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கோபம்தான் வந்தது. பிறகு மீசை துடித்தது, தொந்தி குலுங்கியது, சபையே அதிரும்படி சிரித்துவிட்டார்.

கோடனின் விலங்கை அவிழ்த்து, பட்டு போர்த்தி, மலை உரிமையை அவன் குடிகளுக்கே உறுதிசெய்தார். மருதப்பருக்குத் தம் கைக்கடகத்தைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு வல்லபர் பக்கம் திரும்பினார்.

“உமக்கும் சன்மானம் உண்டு. வெட்டிய இடத்திலெல்லாம் நீரே வேங்கைக் கன்று நட்டு, நீரே தண்ணீர் சுமந்து ஊற்றும். அவை பூக்கும்வரை மலையில் எடுக்கிற வேப்பம்பூத் தேன் முழுவதும் உமக்குத்தான். தினமும் காலையில் என் கண்முன்னால் ஒரு கிண்ணம்.”

வல்லபர் தேன் பானைகளைப் பார்த்தார். வேங்கை பூக்க எத்தனை வருடம் ஆகும் என்று ஈனசுரத்தில் மருதப்பரிடம் கேட்டார்.

“அது என் கையில் இல்லை வல்லபரே,” என்றார் மருதப்பர். “நீங்கள் சுமக்கிற குடத்தில் இருக்கிறது.”